இல்சே குத்திய முத்திரை

ஜப்பானின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் கமிசாவாவில் மொத்தம் பதினான்கு வீடுகள். அதில் மிட்சுயோவின் குரலை ஒழுங்காகக் கேட்டவர் ஒரே ஒருவர், அவள் கணவர் இவாவோ. அவருக்குப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்தது.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் காயவைப்பதற்காகப் பெர்சிமன் பழத்தின் தோல் உரிக்கும் கொட்டகைக்கு வந்தவள் மிட்சுயோ. நாற்பத்திரண்டு வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் உரிக்கிறாள். தலைதான் குனிந்திருக்கும், கண் சும்மா இருக்காது. யார் வீட்டு மருமகள் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள், கடையில் வாங்கிய ஊறுகாயை வீட்டில் போட்டது என்று சொல்லிக் கொடுத்தவர் யார், எல்லாம் அவளுக்குத் தெரியும். வெளியில் வாய் திறக்க மாட்டாள். சாப்பிட உட்காரும்போது இவாவோவிடம் மொத்தமாகக் கொட்டுவாள்.

"இதை ஊருக்குச் சொன்னா ஊரே சிரிக்குமே. என் ஒருத்தன் காதுக்கு எதுக்கு இவ்வளவும்?" என்பார் அவர்.

"எனக்கு வெளியில குரல் வராது."

"அப்போ இங்க கத்துறது யாரு, பூனையா?"

அந்த வராத குரல் மிட்சுயோவுக்கு ரொம்ப உதவியாக இருந்தது. ஊர்ப் பொறுப்பை ஏற்பவர் காலை ஆறரை மணிக்கு ஊர்க்கூடத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து செய்தி சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி இருக்கிறது. குரல் வராதவளிடம் அதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஊர் அறிவிப்புத் தாள்களைச் செருகி வீட்டுக்கு வீடு அனுப்பும் சுற்றுப்பலகையில், அடுத்த வருடப் பொறுப்புக்கு யார் தயார் என்று ஒரு தாள் வரும். தயார் என்றால் தன் வீட்டுக் கட்டத்தில், கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தலாம். மாட்டேன் என்று யாரும் எழுதுவதில்லை. கட்டம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். பதினான்கு கட்டமும் காலியாகத் திரும்பி வரும். ஏற்கெனவே பொறுப்பில் இருக்கும் தோபே கிமிகோ இன்னொரு வருடம் சுமப்பாள். ஆறு வருடமாகச் சுமக்கிறாள்.

அந்த நவம்பரில்தான் மகள் சதோமி தன் தோழியைக் கூட்டிக்கொண்டு நகோயாவிலிருந்து வந்தாள். லாத்வியாக்காரி, பெயர் இல்சே. வீட்டின் கதவுச்சட்டத்தில் முதல் நாளே இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டாள். மொழியைப் புத்தகத்தில் படித்தவள், அதனால் பேச்செல்லாம் வானொலிச் செய்தி மாதிரி வரும்.

"அம்மா, இந்த ஊறுகாய் என் உள்ளத்தைத் தொடுகிறது" என்றாள்.

"வயித்தைத் தொடாம இருந்தா சரி" என்றாள் மிட்சுயோ. பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வெளி ஆள் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை. இவாவோ சோற்றுக் கிண்ணத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

இல்சேயின் பெயரை அந்த ஊர் எழுத்தில் வெட்டி ஒரு முத்திரை செய்து கொடுத்திருந்தாள் சதோமி. கையில் அது வந்ததிலிருந்து இல்சே குத்த இடம் தேடினாள். அஞ்சலட்டையில் குத்தினாள், நாட்காட்டியில் குத்தினாள். புதன்கிழமை மிட்சுயோ கொட்டகையில், சதோமி குளியலறையில் இருந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்தது சுற்றுப்பலகை. தாளுக்குத் தாள் கட்டம், கட்டத்துக்குள் குட்டிக் குட்டி முத்திரைகள். இல்சேக்கு அது விருந்து. குப்பை எடுக்கும் நாள் தாளில் குத்தினாள், கால்வாய் சுத்தம் செய்யும் தாளில் குத்தினாள், எல்லோரும் பாவம் காலியாக விட்டிருந்த தாளிலும் குத்தினாள். பொறுப்பாக அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சாயங்காலம் தோபே கிமிகோ ஒரு கட்டு வெங்காயத்தாளோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை மிட்சுயோ பார்த்ததில்லை.

"மிட்சுயோ சான், எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஒத்துக்கிட்டீங்களே." பேருக்குப் பின்னால் "சான்" சேர்ப்பது அங்கே மரியாதை.

தோபே நீட்டிய பொறுப்புத் தாளைப் பார்த்ததும்தான் மிட்சுயோவுக்கு விஷயம் புரிந்தது. தன் வீட்டுக் கட்டத்தில் சிவப்பாக, சற்றுச் சாய்ந்து, ஒரு முத்திரை. பக்கத்தில் இல்சே பெருமையோடு நிற்கிறாள். விருந்தாளி தப்பாகக் குத்திவிட்டாள் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? கமிசாவாவில் அப்படிச் சொல்பவர் கிடையாது. குத்தியது குத்தியதுதான். அதைத் தெரிந்துகொண்டுதான் தோபே வெங்காயத்தாளோடு வந்திருக்கிறாள்.

மிட்சுயோ அந்தத் தாளைத் தோபே பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முத்திரையில என்ன பேரு இருக்கு, தோபே சான்?"

தோபே கண்ணைச் சுருக்கினாள். "இல்... சே."

"அப்போ அவங்கதான் பொறுப்பு."

தோபேயாலும் விருந்தாளி முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது. பூரிப்பு வடிந்துபோயிற்று.

"எனக்குக் கிடைத்த இந்தக் கௌரவத்துக்கு நான் உண்மையாக உழைப்பேன்" என்று இடுப்பு வளைய வணங்கினாள் இல்சே.

"இவங்க எத்தனை நாள் இருப்பாங்க?" என்றாள் தோபே.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் மிட்சுயோ.

அதற்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று தோபேக்கு நன்றாகத் தெரியும். ஏழாவது வருடம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெங்காயத்தாளை வைத்துவிட்டு, போகும்போது சொன்னாள்: "அப்போ சனிக்கிழமைச் செய்தியை அவங்களே சொல்லட்டும். எழுத்துக் கூட்டிக் கொடுக்க நீங்க பக்கத்துல இருங்க. நீங்க மைக்ல பேசவே வேண்டாம்."

சனிக்கிழமை ஆறே கால் மணிக்கு ஊர்க்கூடத்தைத் திறந்து வைத்துத் தோபே காத்திருந்தாள். மேசையில் மைக், அதை ஒட்டி ஒரு பெட்டி, பெட்டி மேல் அவளுடைய பூப்போட்ட கைத்துண்டு.

"சிவப்பு விளக்கு எரிஞ்சாதான் வெளியில கேக்கும். ஆறரைக்கு நான் வந்து போட்டுவிடறேன். அதுவரைக்கும் நல்லாப் பழகிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மிட்சுயோ விளக்கைத் தேடினாள். எதுவும் எரியவில்லை. நிம்மதியாகத் தாளைப் பிரித்தாள்.

"தோபே கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி. சரி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. நாளைக்குக் காலை எட்டு மணிக்குக் கால்வாய் சுத்தம்."

"நாளை காலை எட்டு மணிக்குக் கால்வாய் சுத்தம் செய்யப்படும்" என்றாள் இல்சே.

"வீட்டுக்கு ஒருத்தர் மண்வெட்டியோட வரணும்."

"வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் வருக."

"கரசாவா மட்டும் எப்பவும் விளக்குமாறு எடுத்துட்டு வருவாரு. பெருக்க இல்ல, சாய்ஞ்சு நிக்க."

இல்சே நல்ல மாணவி. "திரு கரசாவா அவர்கள் விளக்குமாற்றுடன் வருவார். அது பெருக்குவதற்கு அன்று, சாய்ந்து நிற்பதற்கு."

மிட்சுயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அதை விட்டுடு. உன்னால என் பிழைப்பே போயிருக்கும் தெரியுமா? குரல் வராது, குரல் வராதுன்னு சொல்லியே இத்தனை வருஷமாத் தப்பிச்சுட்டிருந்தேன்." மறுபடியும் சிரித்தாள்.

அப்போது தூரத்தில், மலைச் சரிவின் அந்தப் பக்கம், யாரோ ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அது தன் சிரிப்புதான் என்று புரிய மிட்சுயோவுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கம்பத்துக்குக் கம்பம் எதிரொலித்துவிட்டு அடங்கியது.

பெட்டி மேலிருந்த கைத்துண்டை எடுத்தாள். அடியில் சிவப்பு விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தாள். கரசாவா வாசலில் உறைந்துபோய் நிற்கிறார். இவாவோ வாய் நிறைய நுரையோடு, பல்துலக்கியைப் பிடித்தபடி தெருவில் நிற்கிறார். சரிவின் கீழே தோபே இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், அவள் தோள் மட்டும் குலுங்குகிறது.

விசையைத் தட்டிவிட்டுப் பின்கதவால் ஓடிவிடலாம். மிட்சுயோவின் விரல் விசை வரைக்கும் போனது. ஆனால் இனி எதை மறைக்க ஓடுவது? பதினான்கு வீடும் கேட்டாயிற்று. இல்சே வேறு, அடுத்த வரிக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிட்சுயோ மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஊர்க்கூடத்தில பூப்போட்ட துண்டு ஒண்ணு கெடக்கு. தோபே வீட்டுதுன்னு நினைக்கிறேன். சிரிச்சு முடிச்சதும் வந்து எடுத்துக்கலாம். கரசாவா சான் நாளைக்கு மண்வெட்டி கொண்டு வரணும், இல்லன்னா எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. மழை வந்தா அடுத்த ஞாயிறு."

குரல் தெளிவாகத்தான் வந்தது.

இல்சே செவ்வாய்க்கிழமை போனாள். ஊர்க்கூடத்துச் சாவியை மறுநாள் தோபே கொண்டுவந்து நீட்டியபோது மிட்சுயோ பழக்கத்தில் "எனக்குக் குரல்..." என்று ஆரம்பித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. இப்போதெல்லாம் சாப்பிட உட்காரும்போது இவாவோவுக்குச் சொல்ல அவளிடம் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஆறரைக்கு அவரும் மற்றவர்களோடு வாசலில் வந்து நின்று கேட்டுக்கொள்கிறார்.