தாத்தாவுக்கென்று வெட்டிய கல்லறை

மூன்று ஆண்டுகளுக்கு முன், எழுபதுகளின் இறுதியில், ஒரு மே மாதப் பகல். திருத்தணியில் மலையடிவாரத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டின் வாசற்படிக்குக் கீழே ஒருவர் தயங்கி நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே ஆலய மணி சாவுக்கு அடித்திருந்ததால், அவர் எதைக் கேட்க வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டு யார் வந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அப்பா எனக்கு இட்டிருந்த கட்டளை. முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். வெளி மனிதரிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவதே எனக்குச் சிரமம்.

கேட்க வந்தது, என் தாத்தாவின் கல்லறையை. தாத்தா அப்போது உயிரோடுதான் இருந்தார். இடைஞ்சலே அதுதான்.

தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். வார நாட்களில் மிஷன் பள்ளியில் ஆங்கிலம், ஞாயிறன்று ஆலயத்தில் பிரசங்கம். இரண்டுக்கும் அவர் பெரிய வேறுபாடு வைத்ததில்லை. பிரசங்கத்தின் நடுவே கண்ணயர்ந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, கடைசியாகப் படித்த வசனத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பார். எண்பத்தைந்தைத் தாண்டியும் அவருக்குப் பல்வலிகூட வரவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளும்படி அவரை எச்சரித்த இரண்டு டாக்டர்களின் அடக்கத்துக்கும் அவரே போய் ஜெபம் செய்துவிட்டு வந்தார்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே உடனே பாறை. ஒரு குழி வெட்ட, கல் உடைக்கிறவர்களுக்கு இரண்டு நாளாவது ஆகும். ஆகவே என் பாட்டி, நாங்கள் ஆயா என்றழைத்தவள், இறந்ததும் தாத்தா தமக்கும் அவளுக்கு வலப்பக்கத்தில் ஒரு குழி வெட்டச் செய்தார். செங்கல் கட்டி, கடப்பாக் கல்லால் மூடியும் வைத்தார். தம் சாவு பிறருக்குத் தொல்லையாகக் கூடாது என்று கருத்தாகச் செய்த ஏற்பாடு. ஆனால் அவர் சாகவில்லை.

அடைமழைக் காலத்தில் ஆலயத்தில் மணி அடிப்பவர் இறந்தார். குழி வெட்ட வழியில்லை. தாத்தா தம்முடையதைக் கொடுத்துவிட்டார். அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருந்த அப்பா, ஆயாவின் காலடியில் இரண்டாவது குழியை வெட்டுவித்தார். அது மணவூரிலிருந்து வந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குப் போயிற்று. ஆயாவின் தலைமாட்டில் மதில். எஞ்சியிருந்தது இடப்பக்கம் மட்டும்தான். அங்கே மூன்றாவதை வெட்டி முடித்த அன்று அப்பா தாத்தாவின் எதிரே உட்கார்ந்து உறுதி கேட்டார்.

"இதுக்கு மேல அம்மா பக்கத்துல எடமே கெடையாது நைனா. யாருக்கும் குடுக்கக் கூடாது."

"ஆங்," என்றார் தாத்தா. முந்தைய இரண்டு முறையும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அன்று வாசலில் நின்றவர் ஒரு கணக்கு ஆசிரியரின் மகன். அந்தக் கணக்கு ஆசிரியர், போதகராக இருப்பவர் தலைமையாசிரியராகவும் இருக்கக் கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, தாத்தாவை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் தாமே அமர்ந்தவர். தாத்தா அவருக்குக் கீழே பல ஆண்டுகள் சாதாரண ஆசிரியராக வேலை பார்த்தார். ஆயா அதை மன்னிக்கவே இல்லை. ஆலயத்தில் அவர் வந்து உட்கார்ந்தால், அந்த வரிசையிலிருந்தே எழுந்து போய்விடுவாள்.

"ஐயா இருக்காருங்களா பாப்பா?"

"தூங்கறாருங்க," என்றேன்.

"யாரு பாப்பா அது?" உள்ளேயிருந்து கேட்டது, கடைசி பெஞ்சு வரை எட்டிப் பழகிய குரல்.

தாத்தா வெளியே வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "அப்பா காலைல தவறிட்டாருங்க. கல்லு ஒடைக்கறவங்க நாளைக்கி சாயங்காலம் ஆவும்ன்றாங்க. இந்த வெயில்ல ஒடம்பு தாங்காதுங்க ஐயா..."

 தாத்தா வாய் திறக்குமுன் நான் பேசியாக வேண்டும். "அந்த எடம் எங்க ஆயா பக்கத்துல இருக்குதுங்க. அது ஒண்ணுதான் மிச்சம்," என்றேன்.

"தெரியும் பாப்பா. அதான் கேக்க வாய் வரமாட்டேங்குது."

"எத்தன மணிக்கு எடுக்கறீங்க?" என்றார் தாத்தா. அவ்வளவுதான், முடிந்தது.

தாத்தாவை உள்ளே இழுத்துப் போனேன். "அப்பாவுக்கு வாக்குக் குடுத்தீங்க தாத்தா!"

"குடுத்தேன். அவன் முந்திக்கினான், நான் இன்னா செய்யறது?"

"உங்களப் பத்தி மேலிடத்துக்கு எழுதிப் போட்டவரு அவரு!"

"அதுக்காக, செத்தவன பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கச் சொல்றியா?"

"ஆயா அவரு உக்காந்த வரிசைல கூட உக்காரமாட்டாங்க."

"இனிமே எழுந்து போவ மாட்டா, போ," என்று சொல்லிவிட்டுத் தாத்தா அங்கியைத் தேடத் தொடங்கினார்.

அந்த அங்கியைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது எனக்கு. மாலையில் குழியருகே நின்று, கூடியிருந்தவர்களிடம் அவர் சொன்னார்: "இவன் கணக்கு நல்லா சொல்லிக் குடுப்பான். என்ன வேலையிலேர்ந்து எறக்கினதும் இவன்தான். ரெண்டும் நெஜம்." அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள்.

ரயிலை விட்டு இறங்கியவுடனேயே அப்பாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "மூணு தபா வெட்டியாச்சு நைனா! இனி கடப்பாரையத் தொடமாட்டேன். அம்மா தனியாக் கெடக்கக் கூடாதுன்னுதானே இம்மாம் பாடுபட்டேன்?" 

"தனியாவா? சுத்தி மூணு பேர் இருக்காங்க, எங்கடா தனியா?" தாத்தாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "அவ உயிரோட இருக்கசொல்ல நான் பக்கத்துல இருந்தேனா இல்லியா? அத சொல்லு மொதல்ல."

இருந்தார் என்பது அப்பாவுக்கும் தெரியும். பக்கவாதத்தில் ஆயா படுத்திருந்த அத்தனை ஆண்டுகளும், பள்ளிக்குப் போகுமுன் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைவாரிப் பின்னிவிட்டவர் தாத்தா. பின்னல் எப்போதும் கோணலாகவே இருக்கும். குழறும் வாயால் ஆயா அதற்கும் திட்டுவாள். தாத்தா அவிழ்த்து மறுபடியும் பின்னுவார்.

தாத்தா இன்னும் இருக்கிறார். ஆயாவை விட்டு வெகுதூரம் தள்ளி, மதிலோரத்து முட்புதர் அருகே அப்பா நான்காவது குழியையும் வெட்டுவித்திருக்கிறார், தாத்தாவிடம் சொல்லவில்லை. இறந்தபின் யார் பக்கத்தில் யார் என்று நானும் அப்பாவும் இன்றும் மருகிக்கொண்டிருக்க, அந்தக் கணக்கை ஆயா இருக்கும்போதே தீர்த்துவிட்டுக் கவலையின்றி உறங்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அந்த எரிச்சலில் பாதி பொறாமை என்பது மட்டும் இப்போது புரிகிறது.