திருப்பிச் சொல்லும் சிதம்பரநாதன்

மயிலாப்பூர் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த சிதம்பரநாதனிடம் எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வார். பிறகு "சிதம்பரநாதன், மயிலாப்பூர்" என்று முத்திரை குத்துவார். அப்புறம்தான் காரியம் நடக்கும். மனைவி ஜானகி கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னாலும் இதே சடங்குதான். பாவம், அந்த அம்மாள் கத்தரிக்காயையே வெறுத்துவிட்டாள்.

குற்றம் அவருடையதல்ல, ரிலேயுடையது. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் ஓடிய மின்லைனின் இரண்டு முனையிலும் ரிலே என்ற காவல் கருவி ஒவ்வொன்று இருந்தது. தனிக் கம்பி வழியாக இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருக்கும். இங்கே போன மின்சாரம் அங்கே வந்து சேரவில்லையென்றால் இரண்டும் சேர்ந்து லைனைத் துண்டித்துவிட்டு, கோளாறைக் காட்டும் சின்னக் கொடியை ஆளுக்கொன்று விழவிட்டு, ஓய்ந்துவிடும். மிச்சம் மனிதர்கள் பாடு. எந்தக் கொடி விழுந்தது என்று இரு முனை ஆபரேட்டர்களும் போனில் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லிப் பெயரும் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தபின் பேச்சு மாறக்கூடாது. மாறினால் லைனில் ஏறியிருப்பவன் உயிர் போகும்.

அடையாறு முனையில் ரகுபதி. போனிலேயே பழகி, தன் மகள் ஜெயபாரதியை அவர் பையனுக்கே கட்டிக்கொடுத்தார் சிதம்பரநாதன். கல்யாணத்தன்று ரகுபதி சம்பந்தியின் காதோரம் குனிந்து, "காப்பி ஆறிப்போயிருக்குங்க" என்றார். மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். நம்மவர் விடுவாரா? நிமிர்ந்து நின்று, கண்ட்ரோல் ரூம் குரலில், "காப்பி ஆறிப்போயிருக்கு. சிதம்பரநாதன், மயிலாப்பூர்" என்று மண்டபத்துக்கே ஒப்பித்தார். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். காப்பிக்கு ரகளை செய்த சம்பந்தி என்ற பெயர் ரகுபதிக்கு அன்றே கிடைத்துவிட்டது.

அதோடு டூட்டிப் பேச்சைத் தவிர மற்றப் பேச்சு நின்றது. ரிலேக்கள் மட்டும் பழையபடி பேசிக்கொண்டன. நல்லவேளை, அவற்றுக்குள் சம்பந்தம் செய்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஜெயபாரதிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவம். அடையாற்றிலிருந்து பெண்ணை அனுப்புகிற வழியாக இல்லை. "நீங்க போய்க் கேட்டா கிரீடமா இறங்கிடும்?" என்று ஜானகி அழுதாள். "போய்க் கேட்டா கிரீடமா இறங்கிடும்" என்று ஒப்பித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார் சிதம்பரநாதன். மகளைப் பார்க்காமல் அவருக்கும் சோறு இறங்கவில்லைதான். ஆனால் நடுவில் ஓடிய ஆற்றைத் தாண்ட ஒரு பஸ் போதும் என்பது தெரிந்தும் ஏறவில்லை. அப்படி ஒரு வீம்பு.

அன்று பிற்பகல் எவனோ விட்ட பட்டம் ஆற்றுக்கு மேலே லைனில் சிக்கி எரிந்தது. இரு முனையிலும் கொடி விழுந்தது. மயிலாப்பூரில் மின்விசிறிகள் நின்றன. சிதம்பரநாதன் போனை எடுத்துத் தன் கொடியைச் சொன்னார். ரகுபதி திருப்பிச் சொன்னார், பெயர் கொடுத்தார். ரகுபதி தன் கொடியைச் சொன்னார். இவரும் ஒப்பித்தார். அடுத்து லைனுக்கு உயிர் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"இன்னொரு செய்தி" என்றார் சிதம்பரநாதன். "ஜெயபாரதியைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பவும்."

"ஜெயபாரதியைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பவும். ரகுபதி, அடையாறு."

சொல்லி முடித்தபிறகுதான் ரகுபதிக்கு உறைத்திருக்க வேண்டும். வாய் பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. பெயரும் கொடுத்தாயிற்று.

"என்கிட்டயும் ஒரு செய்தி இருக்கு, சம்பந்தி" என்றார் ரகுபதி. "வெள்ளிக்கிழமை நானே கூட்டிக்கிட்டு வர்றேன். காப்பி சூடா இருக்கணும். திருப்பிச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தார் சிதம்பரநாதன். அதற்குமேல் வரவில்லை. சர்வீஸிலேயே முதல் தடவையாக ஒரு செய்தியைத் திருப்பிச் சொல்ல முடியாமல், போனைக் காதில் அழுத்திக்கொண்டு அழுதார். மயிலாப்பூர் மொத்தமும் வியர்வையில் நனைந்துகொண்டிருக்க, மறுமுனையில் ரகுபதி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.