கபில தீர்த்தத்தில் எடுத்த பொட்டலம்

ரயில் கரி படிந்த முகத்தோடு திருப்பதி ஸ்டேஷனில் இறங்கியதும், அவர் எனக்குக் கனகாம்பரம் வாங்கித் தந்தார். கல்யாணமாகி ஆறு மாதம். காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது...

அவர் நகரியில் தமிழ் வாத்தியார். நான் திருத்தணிப் பெண். எல்லை பிரிக்கிற சமயம் அது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது என்று ஆகிவிட்டது. அந்தப் பக்கம் வேலை வேண்டுமென்றால் அந்த வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அம்மா வீட்டுப் பக்கம் போய்விட வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை... அவருக்குத் தெரியும்.

"ஒரு நாள் திருப்பதி சுத்திட்டு வரலாம். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

வண்டி வைக்கவில்லை. எல்லாம் நடைதான். கோவிந்தராஜர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மாட வீதியில் வளையல் கடைக்குக் கடை நான் நின்றேன். அவர் கல்வெட்டைக் கண்டால் நின்றுவிடுவார்; எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் என் பாதம் வெந்துவிடும். மலையைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுக் கபில தீர்த்தத்துக்கு நடந்தோம்.

அருவியில் குளித்துவிட்டு நகரி நெசவுக்காரர் ஒருவர் எதிரே வந்தார். அவருடைய பெண் இவரிடம் படிக்கிறாள்.

"இன்னா சாரு, நீங்களும் அந்தாண்ட போறீங்கன்னு பேசிக்கினு இருக்காங்க. எங்க புள்ளைங்களுக்கு அப்புறம் தமிழ் யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

இவர் சிரித்து வைத்தார். அதற்கப்புறம் வந்த கல்வெட்டு எதிலும் அவர் நிற்கவில்லை.

கோயில் வாசலில் பூ வாங்கினார். எங்கள் பக்கம் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் சாமி முன்னால் பூ கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். திரும்பி நின்று இரண்டு காகிதப் பொட்டலம் கட்டி, சந்நிதிப் படியில் வைத்தார்.

"ஒண்ணுல மல்லி, ஒண்ணுல செவப்பு அரளி. மல்லி வந்தா நகரியிலயே இருந்துக்கலாம். அரளி வந்தா திருத்தணிக்கு எழுதிக் குடுத்துர்றேன். நீயே எடு."

குனிந்தேன். மல்லிகை காகிதத்துக்குள் அடங்குமா... எது எதுவென்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வாசனை இல்லாத பொட்டலத்துக்குத்தான் கை போயிற்று. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மல்லியை எடுத்தேன்.

"சாமி சொல்லிட்டாரு" என்றார்.

மல்லி மணக்கும் என்பதுகூடத் தெரியாத வாத்தியார் என்று ஐம்பது வருஷம் மனசுக்குள் சிரித்திருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. அம்மா வீட்டை நினைத்து அழுததையும் சொன்னதில்லை.

போன வாரம் மகன் காரில் திருப்பதி போனோம். ஏசி... கபில தீர்த்தத்தை உள்ளே உட்கார்ந்தபடியே கும்பிட்டாயிற்று. கால் சுடவில்லை. பக்கத்தில் மருமகள் தலை நிறைய மல்லி வைத்திருந்தாள். மடியில் சாமிக்கு வாங்கிய மல்லிப் பொட்டலமும் இருந்தது. எந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் எனக்கு மல்லிதான் வாங்கி வந்தவர் அவர். அன்று ஒரு நாள் மட்டும், வாசனையே இல்லாத கனகாம்பரம்.

வேண்டுமென்றுதான் வாங்கினாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அவர் இல்லை. இருந்திருந்தாலும் சிரித்துத்தான் வைத்திருப்பார்.