கடலுக்குப் போன பனிச்சறுக்குப் பை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு பழைய சாமான் கடைக்குள் மின்விசிறி தேடிப் போனேன். துறைமுகத்தில் யாரும் வந்து எடுக்காததால் ஏலத்துக்கு வரும் பொருட்களையும், கப்பல்களில் கழித்துவிடும் பொருட்களையும் வாங்கி விற்கிற கடை அது. மின்விசிறி நன்றாக இல்லை. வேறொன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வாங்கியது தப்பா, சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடையின் நடுவே பனிச்சறுக்குச் சாமான்கள் குவிந்து கிடந்தன. ஆள் உயரப் பலகைகள், ஊன்றுகோல்கள், பாறாங்கல் மாதிரி கனக்கும் பிளாஸ்டிக் காலணிகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊர் இது.

"இந்தச் செருப்ப யாரு அண்ணாச்சி வாங்குவா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏன்க்கா அப்படிச் சொல்லுதீக? ஒரு வெல்டிங் பட்டறைக்காரன் ரெண்டு ஜோடி எடுத்துட்டுப் போனான். தீப்பொறி படாதுல்லா?"

"அப்புறம்?"

"மறுநாளே கொண்டாந்துட்டான். நடக்க வரலயாம்."

அவருக்குப் பின்னால் இருந்த சுவரில், கப்பல்களிலிருந்து வந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றோடு ஐந்தாவதாக ஒரு சிவப்புப் பையும் தொங்கியது. முதுகில் மாட்டுகிற பை. இடுப்புக்கு ஒரு பட்டை, கால்களுக்கு நடுவே கொடுத்து மாட்ட ஒரு பட்டை, இடது தோள்பட்டையில் ஒரு கைப்பிடி. உள்ளே குட்டி சிலிண்டர் ஒன்று இருந்தது. கைப்பிடியை இழுத்தால் பை விரிந்து காற்று நிரம்பும் என்பதைக் காட்டும் படம் பட்டையிலேயே தைக்கப்பட்டிருந்தது. எழுத்தெல்லாம் எனக்குப் புரியாத ஏதோ ஐரோப்பிய மொழி.

நான் ஒரு நாளிதழில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை பார்ப்பவள். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சரிபார்த்துப் பக்கத்தில் வைப்பதுதான் வேலை. எந்தச் செய்திக்குப் பக்கத்தில் ஒரு படத்தை வைக்கிறோமோ, அந்தச் செய்தியின் படமாகத்தான் வாசகர் அதைப் பார்ப்பார் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. அதே நான், லைஃப் ஜாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கியதை லைஃப் ஜாக்கெட் என்று எடுத்துக்கொண்டேன். சறுக்குப் பலகைகள் நாலு அடி தள்ளித்தான் கிடந்தன. அவற்றோடு இதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "கப்பல் சாமானாத்தான்க்கா இருக்கும்" என்றார். 'இருக்கும்' என்ற சொல்லை எந்த நிருபர் எழுதியிருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது என் தம்பி. பெரியதாழையில் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். அங்கே கடலுக்குள் இருப்பதைவிடக் கரையை நெருங்குவதுதான் ஆபத்து. அலை மடங்கி விழும் இடத்தில் வள்ளம் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் போதும், கவிழ்ந்துவிடும். அதற்கு முந்தைய வருடம் அவர்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் இறந்தார். என் தம்பியிடம் லைஃப் ஜாக்கெட் உண்டு. ஆனால் வலை இழுக்கும்போது நெஞ்சில் இடிக்கிறது என்று சொல்லி, அதைச் சுருட்டிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் நம்பியதெல்லாம் ஒரு காலி பிளாஸ்டிக் கேனைத்தான். வள்ளத்தில் போகிற நாலு பேரும் ஆளுக்கொரு கேனைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கவிழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டியதுதான்.

அவனிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இந்தப் பை நெஞ்சில் இடிக்காது. தேவைப்படும்போது மட்டும்தான் விரியும். இவனுக்கென்றே செய்தது போல இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தொழிலுக்குப் போகாத நாள். பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரத்தில் நான் பையோடு போய் இறங்கினேன். வேலை செய்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். சரிபார்க்காத ஒன்றை வெளியே விட்டுப் பழக்கமில்லை. வீட்டு வாசலில் தம்பியை நிறுத்தி, எல்லாப் பட்டைகளையும் மாட்டி, கைப்பிடியை இழுக்கச் சொன்னேன்.

டமார் என்று ஒரு சத்தம். தெருக்கோழிகள் திசைக்கொன்றாகப் பறந்தன. அவன் முதுகின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய சிவப்புப் பலூன்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழும்பி நின்றன.

"சேசு மரியே!" என்று அவன் மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

எதிர் வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "ஏலே, ஒனக்கு றெக்கை மொளச்சிட்டுலே! கோயில்ல நிக்கிற சம்மனசு மாதிரில்லா இருக்கே" என்றார். தேவதூதரைத்தான் எங்கள் பக்கம் சம்மனசு என்போம்.

"சம்மனசுக்கு எங்கன மாமா இவ்வளவு பெரிய தொந்தி?" என்றாள் தம்பி மனைவி. தெருவே சிரித்தது. தம்பியும் வெட்கத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே, இவன் இதைப் போட்டுக்கொள்வான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படத்தில் காட்டியிருந்தபடி ஒரு வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினோம். மடித்துத் திணிக்க அரை மணி நேரம் ஆனது. கைப்பிடியை மறுபடி அதன் இடத்தில் பொருத்தினேன்.

"யக்கா, இன்னொரு தடவ இழுத்துப் பாக்கட்டா?"

"வேண்டாம்லே. சும்மா சும்மா இழுத்தா கேஸ் தீந்துரப் போகுது."

இதை நான்தான் சொன்னேன். சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி நாள்பட வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. இன்னொரு முறை இழுக்க விட்டிருந்தால், அன்றைக்கு அந்த வாசலிலேயே எல்லாம் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு அவன் ஒரு நாள்கூடப் பையில்லாமல் கடலுக்குப் போகவில்லை. மற்றவர்கள் கேலி செய்தபோதும் கழற்றவில்லை. ஆனால் நான் கவனிக்காத ஒன்று நடந்திருந்தது. பை வந்ததும், தன்னுடைய கேனை வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கக் கொடுத்துவிட்டான்.

ஆடியில் காற்று கூடிய ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. வள்ளம் கவிழ்ந்துவிட்டது, நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், உன் தம்பி மட்டும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார்கள். 'மட்டும்' என்ற சொல் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

தோள் எலும்பு நழுவி, நிறைய உப்புத் தண்ணீர் குடித்து, கண் சிவந்து படுத்திருந்தான். கட்டிலுக்குக் கீழே அந்தப் பை ஈரமும் மணலுமாகக் கிடந்தது. அதன் பட்டைகள் எல்லாம் கத்தியால் அறுக்கப்பட்டிருந்தன.

நடந்ததை அவனும், அவன் வள்ளத்தின் மூத்த ஆளும் மாறி மாறிச் சொன்னார்கள். கரைக்கு வரும்போது அலை வள்ளத்தைத் திருப்பிவிட்டது. மற்ற மூவரும் கேனைப் பிடித்துக்கொண்டார்கள். இவன் நீந்துவதை விட்டுவிட்டுக் கைப்பிடியை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அதற்குள் அடுத்த அலை மேலே விழுந்தது. பைக்குள் தண்ணீர் புகுந்து கனத்தது. கால்களுக்கு நடுவே போகிற பட்டை இறுகிக்கொண்டது. மூத்தவர் நீந்தி வந்து, வலை அறுக்கிற கத்தியால் பட்டைகளை அறுத்து, தன் கேனை அவனிடம் தள்ளினார்.

"ஏட்டி, இவன் முங்குதான், ஆனா அந்தக் கைப்பிடிய மட்டும் விடமாட்டேங்கான். வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுல்லா எடுத்தேன்" என்றார் அவர்.

தம்பி மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க குடுத்ததுன்னுதான் மைனி அவுக கழத்தவே மாட்டேன்னாக."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தம்பியும் திட்டவில்லை. என்னிடம் எப்போதும் ஏதாவது செய்தியில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"அன்னைக்குத் தொறந்துச்சுல்லாக்கா? இன்னைக்கு எதுக்குத் தொறக்கல?"

அந்தப் பையை வீட்டுக்கு எடுத்துவந்து, மணலைத் தட்டி, மேசைமேல் வைத்து, முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். உட்புறம் ஒரு சிறு துணிச்சீட்டு தைத்திருந்தது. அதில் நாலு படங்கள். கடையிலேயே ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். முக்கோணத்தைப் பாய்மரம் என்றும் அதன் கீழிருந்த வளைகோடுகளை அலை என்றும் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் முக்கோணம் மலை. வளைகோடுகள் அதிலிருந்து சரிந்து வரும் பனி. கடைசிப் படத்தில் சிலிண்டர், ஒரு அம்புக்குறி, அதன்மேல் குறுக்குக் கோடு.

பையில் இருந்த பெயரை இணையத்தில் தேடினேன். பனிமலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் முதுகில் மாட்டுகிற பை. மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து வரும்போது இழுத்தால், பலூன் விரிந்து ஆளைப் புதையாமல் மேலேயே வைத்திருக்கும். சிலிண்டர் ஒரே ஒரு தடவைக்குத்தான். இழுத்துவிட்டால் மறுபடி நிரப்ப வேண்டும், அல்லது வேறு மாற்ற வேண்டும்.

அந்த ஒரே தடவையைக் கோழிகளுக்கு முன்னால் நான் செலவழித்திருந்தேன். இரண்டு மாதம் என் தம்பி கடலுக்குச் சுமந்து போனது ஒரு காலி இரும்புக் குழாயை. நான் சரிபார்க்காமல் கொடுத்திருந்தால் அது வேலை செய்திருக்கும்.

கடைக்காரரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். "நான் கப்பல் சாமானா இருக்கும்னுதான சொன்னேன். நீங்க படிச்சவுக, உத்துப் பாத்துத்தானக்கா எடுத்தீக?" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது, சறுக்குப் பலகைகளையும் காலணிகளையும் உள்ளே எங்கேயோ தள்ளிவிட்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் என் தப்பு எதுவென்று எனக்குத் தெளிவாகவாவது தெரிந்திருக்கும். தம்பியைப் பார்க்க ஒரு சங்கு குளிப்பவர் வந்தார். முப்பது வருடமாகக் கடலுக்கடியில் போய் வருகிறவர். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என்னிடம், "தங்கச்சி, இது விரியாமப் போனதே நல்லதுக்குத்தான். காத்து முழுக்க முதுகுப் பக்கம்லா இருக்கு. ஆளக் குப்புறத் தள்ளிரும். மூஞ்சி தண்ணிக்குள்ளயும் முதுகு வெளியவுமா மிதந்திருப்பான்" என்றார்.

அப்படியானால் நான் வாசலில் இழுத்துப் பார்த்ததுதான் அவனைக் காப்பாற்றியதா?

கப்பலில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் எங்கள் உறவினர் ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். அவர் வேறு மாதிரி சொன்னார். அவ்வளவு காற்று இருந்தால் எப்படியும் தலையைத் தூக்கிக் கொடுத்திருக்கும், நினைவோடு இருக்கிற ஆள் புரண்டு படுத்துக்கொள்வான், கஷ்டப்பட்டிருக்கவே மாட்டான் என்றார். சங்கு குளிப்பவரிடம் இதைச் சொன்னேன். "அவரு கப்பலுக்கு மேல நிக்கிறவரு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். இரண்டு பேருக்கும் பொய் சொல்லக் காரணம் இல்லை. அலுவலகத்தில் இப்படி இரண்டு தரப்பு முரண்பட்டால் செய்தியை நிறுத்திவைப்போம், மூன்றாவதாக ஒருவரிடம் கேட்போம். இதில் மூன்றாவது ஆள் யார்? இன்னொரு சிலிண்டரை வாங்கிப் போட்டு, அதே அலையில் தம்பியை இறக்கி விட்டா பார்க்க முடியும்?

தோள் சரியானதும் அவன் மறுபடி தொழிலுக்குப் போக ஆரம்பித்தான். இப்போது பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறான், பாதி நாள் கொக்கி மாட்டாமல். புதிதாக ஒரு கேனும் வைத்திருக்கிறான். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை. "நீ போட்டுவிட்டதுல்லாக்கா, அதான் தொறக்கும் தொறக்கும்னு இழுத்துக்கிட்டே இருந்தேன்" என்று ஒருமுறை சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டு, மீனை எடுத்து என் தட்டில் வைத்தான்.

அவன் இன்று உயிரோடிருப்பது என் கவனத்தாலா, கவனக்குறைவாலா என்பது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் எதையாவது எடுத்து "இத வச்சுக்கோ" என்று ஒருவரிடம் நீட்டும்போது, அவர்கள் என்னை நம்பி வேறு எதைக் கீழே வைக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.