செபத்தின் மறுபாதி

கண்டி டவுனில் மூன்று மாடி வீடு கட்டியவன் நான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், யார் தயவும் இல்லாமல் கட்டினேன். நேற்று சாயங்காலம் கரண்ட் போனதும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினேன். உருகும் மெழுகின் வாசம் வந்ததும், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து அறைதான் கண்ணில் நின்றது.

அங்கே செபமாலை முடிந்த பிறகுதான் சோறு. அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை அப்பா சொல்வார், மறுபாதியை நாங்கள் சொல்ல வேண்டும். கொழுந்து வாசம் மாறாத அம்மாவின் சேலையில் சாய்ந்து நான் தூங்கிவிடுவேன். அப்பா அடிக்கமாட்டார். செபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

"சொல்லித் தொலைடா, பசிக்குது!" என்று அண்ணன் கிள்ளுவான்.

"அவன விடு. அவனே சொல்லட்டும்" என்பார் அப்பா.

நான் மறுபாதியை முனகிய பிறகுதான் செபமாலையின் அடுத்த மணிக்குப் போவார்.

மனைவி இருந்தவரை எனக்கு அவள் மறுபாதி சொன்னாள். நேற்று மாடியிலிருந்த மகனைக் கூப்பிட்டேன்.

"எனக்கு வேல இருக்குப்பா."

"புள்ளைகளயாவது அனுப்புடா."

"அதுகளுக்கு அந்தச் செபமெல்லாம் தெரியாதேப்பா."

முதல் பாதியைச் சொன்னேன். அப்பாவைப் போலவே நிறுத்திக் காத்திருந்தேன். மேலே பேரப்பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. யாரும் இறங்கி வரவில்லை. மெழுகுதிரி எரிந்து முடிந்தபோதும் என் விரல் செபமாலையின் முதல் மணியிலேயே இருந்தது.