நாற்பத்திரண்டாவது கல்

ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போதே, யாரோ காலைத் தூக்கிவிட்டதுபோல உங்கள் வண்டி உதறியதுண்டா? ஹரிராம் பார்த்துக்கொடுத்த வண்டி உதறியது. ஒரே நாளில், ஒரே இடத்தில், நான்கு தடவை. இதில் என் கைச்சரக்கு எதுவும் இல்லை. அவன் சொன்ன மணிக்கணக்கைக்கூட நான் மாற்றவில்லை.

2006, மே மாதம், வெள்ளிக்கிழமை. வில்லாபுரத்துக்காரனான ஹரிராம், ரேஸ் கார்களின் எஞ்சின் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறவன். தானாகக் கற்றுக்கொண்ட தொழில். அவனிடம் வந்திருந்தது சூரியபிரகாஷ் ரேஸ் ஓட்டும் கார். பேரையூர் போகும் வழியில் சூரியபிரகாஷின் அப்பா பிளாட் போட்டிருந்தார். ஒரு வீடுகூட வரவில்லை. வரிசையாக நம்பர் போட்ட கற்கள், நடுவே ஒரு கிலோமீட்டருக்கு நேர் தார் ரோடு. அங்கேதான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ரேஸ். கியர் ஏறும்போது கார் உதறியது. இன்றைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். ஹரிராமுக்கு இந்த வருஷமே போச்சு.

இந்த மாதிரிக் காரில் கியர் மாற்றும்போது டிரைவர் காலை எடுக்கவே கூடாது. கம்ப்யூட்டரே கண்ணிமைக்கும் நேரம் எஞ்சின் இழுப்பை நிறுத்தும். அந்த இடைவெளியில் கியர் வழுக்கிக்கொண்டு விழும். அந்த நேரத்தை அளந்து வைப்பதுதான் ஹரிராமின் வேலை.

11.05. அறுபது மில்லிசெகண்ட் வைத்தான். மூன்றிலிருந்து நாலுக்குப் போகையில் உதறல்.

11.20. ஐம்பது. அதே உதறல்.

ஓட்டம் முழுவதும் கம்ப்யூட்டரில் கோடுகளாகப் பதிந்திருக்கும். லேப்டாப்பில் திறந்தான். நாற்பத்திரண்டாவது கல் பக்கம் வரும்போது ஆக்சிலேட்டர் பெடலின் கோடு தொப்பென்று விழுந்திருந்தது.

"சூர்யா, காலை எடுக்காதன்னு எம்புட்டு தடவ சொல்றது?"

"எடுக்கலண்ணே."

"அப்ப இது யார் காலு?"

"உங்க டப்பாதான் பொய் சொல்லுது. வேணும்னா எங் கால ஆணியடிச்சு வச்சிருங்க."

ஒயரை மாற்றினான். பெடல் சென்சாரை மாற்றினான். கார் கூரை தோசைக்கல்லாகக் கொதித்தது. வியர்வையில் ஸ்க்ரூ நழுவி மணலில் விழுந்தது. தேடி எடுத்து, அதையே திட்டினான்.

வாட்ச்மேன் மலைச்சாமி தண்ணிக் குடத்தோடு வந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஆடு, நாய்களை விரட்டிவிட்டுத் துண்டை ஆட்டுவது அவர் பொறுப்பு.

"கல்யாணப் பொண்ணு கணக்கா காலைலருந்து சோடிக்கிறீகளே தம்பி, இது ஊர்கோலம் போகுமா போகாதா?"

"போகும்ணே. மொதல்ல என் உசுரத்தான் வாங்கும் போல."

11.45. அதே இடம். அதே உதறல்.

12.10. ஹரிராமே டிரைவர் பக்கத்தில் குந்திக்கொண்டான். மடியில் லேப்டாப். கண் சூரியபிரகாஷின் காலில்.

கால் அசையவில்லை.

உதறியது.

திரையில் பெடல் கோடு விழுந்திருந்தது. அதோடு இன்னொன்று... பிரேக் கோடு உச்சிவரை ஏறியிருந்தது. எதையோ பார்த்துப் பதறியவன் மிதித்ததுபோல.

பிரேக்கை யாரும் தொடவேயில்லை.

12.32. எஞ்சின் அணைந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் பேட்டரி ஓடியது. சூரியபிரகாஷ் தூரத்தில் போர் பம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். காருக்குள் ஆள் இல்லை.

பெடல் கோடு விழுந்தது.

பிரேக் கோடு ஏறியது...

டக்.

ஹரிராம் காருக்குள் எட்டிப் பார்த்தான். பெடல்கள் அப்படியே இருந்தன.

பயந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்தது எரிச்சல்தான். 'ஒம்போக்குக்கு நான் ஆடணுமோ?' அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. பெடல் விழுந்தாலும் அரை நொடிக்குக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைக்கலாம். விவரம் தெரிந்த யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஹரிராம் தொட்டான்.

12.50. உதறல் இல்லை.

"அண்ணே! கியரு ஏறுனதே தெரியலண்ணே!"

ஹரிராம் லேப்டாப்பை மூடினான். அந்த ஓட்டத்தின் கோட்டை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை 6.20. காரை லாரியில் ஏற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு ஓட்டம். மலைச்சாமி துண்டை ஆட்டிவிட்டார். கார் கிளம்பிய பிறகு ஒரு நாய்க்குட்டி ரோட்டுக்கு வந்தது. அதைத் தூக்க அவர் ஓடினார். நாற்பத்திரண்டாவது கல் பக்கம்.

சூரியபிரகாஷ் காலை எடுத்தான். பிரேக்கை மிதித்தான். அரை நொடிக்கு எஞ்சின் முழு வேகத்தில் இழுத்தது.

மலைச்சாமி அங்கேயே இறந்துபோனார். கார் கல்லில் மோதி, பேட்டரி ஒயர் அறுந்து நின்றது.

7.05க்கு ஹரிராம் முந்தின நாளின் ஐந்து ஓட்டங்களையும் அன்று காலை ஓட்டத்தையும் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தான். அன்று காலைக்கான கோடு, பெடல் விழுந்த அரை நொடியில் அறுந்து முடிந்திருந்தது. அதுவரை ஆறும் ஒரே கோடாக இருந்தன.