இடப்பக்கத்துக் குமிழ்

கொழும்பில் பாமன்கடைப் பகுதியில், கால்வாய் நாற்றம் வீசுகிற ஓர் ஒழுங்கையின் கடைசியில் சவுந்தரநாயகத்தின் கராஜ் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. பலகை எதற்கு? ஒழுங்கைக்குள் கால் வைத்தாலே அந்த மனிதரின் வாய் கேட்கும். வெள்ளவத்தையில் அவரிடம் ஏச்சு வாங்காதவர் யாராவது இருந்தால், அவர் வாகனமே இல்லாதவராகத்தான் இருக்கும். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. அதற்குள் இவ்வளவு கோபம் எங்கே கிடக்கிறது என்று பக்கத்து வெல்டிங் கடை ஸாலிஹ் அடிக்கடி யோசிப்பார்.

ஆனால் கைவேலையில் குறை சொல்ல ஏலாது. நாலு சில்லும் இழுக்கிற வாகனம் என்றால் அவரிடம்தான் வர வேண்டும். தெமட்டகொடைப் பழைய இரும்புக் கடைகளைக் கிண்டி, வேண்டிய சாமானைச் சாக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டு வருவார். செக் பொயிண்டில் ஆமிக்காரன் சாக்கைக் காலால் தட்டி, "மே மொனவாத?" என்று, இதெல்லாம் என்ன என்று கேட்பான். "ஜீப் பாட்ஸ் மாத்தயா" என்று இவர் சிங்களத்தில் பணிந்து சொல்லுவார். அப்படிப் பணிந்த ஒவ்வொரு நாளும் கராஜில் வண்டி கொண்டுவந்த யாராவது ஒரு றைவருக்குக் கூடுதலாக ஏச்சு விழும்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. சண்டை நடந்துகொண்டிருந்த வன்னிக்குச் சாமான் கொண்டுபோகிற நிவாரண ஒபிஸ்களின் ஜீப்புகளும் பிக்கப்புகளும் அவர் வாசலில் வரிசையாக நின்றன. மாரி தொடங்கினால் வவுனியாவுக்கு அங்காலே பாதையா இருந்தது? வெறும் சேறு. ஒரு பின்சில்லு சேற்றில் வழுக்கத் தொடங்கினால் எஞ்சினின் பலமெல்லாம் அந்த வழுக்குகிற சில்லுக்கே போய்விடும். நிலத்தைப் பிடித்திருக்கிற மற்றச் சில்லு சும்மா நிற்கும். "வேலை செய்யிறவனை விட்டிட்டு விசரனுக்குச் சம்பளம் குடுக்கிற கதை" என்பார் சவுந்தரநாயகம். அதற்கு மருந்து லொக்கர். இரண்டு பின்சில்லுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிப்பரன்சலுக்குள் அதைப் பொருத்திவிட்டால், உள்ளே இருந்து ஒரு சுவிட்சைத் தட்ட, இரண்டு பின்சில்லும் சேர்ந்து சுழலும்.

முன்சில்லுக்கு வேறு ஏற்பாடு. அந்தக் காலத்து பிக்கப்புகளில் முன்சில்லைத் தானாகவே பூட்டுகிற ஹப் ஒன்று வந்தது. சேறு புகுந்தால் அந்தக் கோதாரி பூட்டாது, பூட்டினால் விடாது. இவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் திருப்புகிற ஹப்பைப் பூட்டுவார். சில்லின் நடுவில் ஒரு குமிழ். 'லொக்'கில் வைத்தால் முன்சில்லும் இழுக்கத் தயாராகும்; பிறகு உள்ளே இருந்து ஒரு லீவரை இழுத்தால் எஞ்சினின் பலம் அதற்கும் போகும். 'பிறீ'யில் வைத்தால் சும்மா உருளும். ஒரேயொரு தொல்லை, திருப்புவதற்கு ஆள் கீழே இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் போய்த் திருப்ப வேண்டும்.

வன்னிப் பாதையில் கீழே இறங்குவது லேசான காரியமா? இரண்டு கரையிலும் மிதிவெடி. எங்கே கிடக்கிறது என்று புதைத்தவனுக்கே ஞாபகம் இராது. அதனால் சவுந்தரநாயகத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. ஹப் மாற்றிய வாகனத்தின் சாவியைச் சும்மா கொடுக்க மாட்டார். றைவரைப் பிடித்து முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்த வைத்து, மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொல்லுவார்:

"இஞ்ச பார். வவுனியாவில தார் றோட்டில நிக்கேக்கையே ரெண்டு பக்கமும் லொக்கில போடு. லொக்கில போட்டுத் தாரில ஓடினா ஒண்டும் உடையாது. கொஞ்ச டீசல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். பிறகு சேத்துக்க போனா உள்ளுக்க இருந்து லீவரை மட்டும் இழு. செத்தாலும் கீழ இறங்காதை. இறங்கினியோ, காலைத் தேடித்தான் பொறுக்கோணும். விளங்கினதே? திருப்பிச் சொல்லு!"

றைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாவி. றைவர்மார் பிறகு தேத்தண்ணிக் கடையில் இருந்து அவரைப் போலவே விரலை நீட்டி நடித்துச் சிரிப்பார்கள். சிரித்தாலும், அவரிடம் பாடம் கேட்டுப் போனவர்கள் எல்லோரும் இரண்டு காலோடுதான் திரும்பி வந்தார்கள்.

அந்தப் பாடத்தை அவர் ஒரேயொரு ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் அவருடைய மருமகன்.

மருமகன் என்று ஊர்தான் சொன்னது. அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய ஒரே பிள்ளை ஜெகதீஸ்வரி, நிவாரண ஒபிஸ் ஒன்றில் தட்டச்சு வேலைக்குப் போன இடத்தில், அங்கே றைவராக இருந்த கொட்டாஞ்சேனை ஹியூபேட்டை விரும்பிவிட்டாள். வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், அதுவும் றைவர்! கலியாணக் கடுதாசியோடு ஹியூபேட் கராஜுக்கு வந்தபோது, சவுந்தரநாயகம் அதை வாங்கி, அவன் பார்த்துக்கொண்டிருக்கவே கையிலிருந்த கிறீஸை அதில் துடைத்து, கால்வாயில் எறிந்தார். கலியாணம் அவர் இல்லாமலே நடந்தது; அன்றோடு மகளோடும் அவனோடும் கதை பேச்சு இல்லை. அவரைப் போல யாழ்ப்பாணத்தார் கோபித்தால் சும்மாவா? ஒரே வீட்டுக்குள் நின்றுகொண்டே மூன்றாம் ஆளிடம், "அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ" என்பார்கள். வருடக்கணக்காக அப்படியே இருப்பார்கள். அதை மானம் என்றும் சொல்லிக்கொள்வார்கள்.

கார்த்திகை மாதம் ஹியூபேட்டின் ஒபிஸிலிருந்து ஒரு பிக்கப் வந்தது. லொக்கரும் வைக்க வேண்டும், ஹப்பும் மாற்ற வேண்டும். வழக்கமாக வடக்குக்கு ஓடுகிற றைவர் காய்ச்சலில் விழுந்துவிட்டான், இந்த முறை போகப்போவது ஹியூபேட் என்று ஸாலிஹ்தான் செய்தி சொன்னார். அதுவரை ஹியூபேட் கண்டியைத் தாண்டி வடக்கே வண்டி ஓட்டினவன் அல்லன்.  சவுந்தரநாயகம் நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தார். வேலையில் வஞ்சகம் வைக்கிற மனிதர் அல்லர் அவர். முடித்துவிட்டு, இரண்டு குமிழையும் தன் கையாலேயே லொக்கில் திருப்பி வைத்தார். இனி அவனிடம் வாய் திறக்கத் தேவையில்லை என்று அவருக்குப் பெரிய நிம்மதி.

மறுநாள் காலை ஹியூபேட் வந்து வாசலில் நின்றான். சவுந்தரநாயகம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாவியை பொனட்டின் மேல் எறிந்தார்.

"ஸாலிஹ், சாமான் ரெடி எண்டு சொல்லும்."

மூன்றடி தூரத்தில் நின்ற ஸாலிஹ் ஹியூபேட்டைப் பார்த்து, "ரெடியாம்" என்றார்.

ஹியூபேட் வாகனத்தைச் சுற்றிப் பார்த்தான். முன்சில்லில் குமிழ் லொக்கில் நிற்பதைக் கண்டதும் குனிந்து பிறீக்குத் திருப்பினான். மற்றப் பக்கமும் போய்த் திருப்பினான். சவுந்தரநாயகம் கடைக்கண்ணால் கண்டார். 

"ஸாலிஹ்! லொக்கில விடச் சொல்லும்."

"லொக்குல விடட்டாம்."

"எதுக்காம்? ரோட்டுல பிறீயில ஓடச் சொல்லித்தான் ஒபிஸ்ல சொல்லியிருக்கு. டீசல் கூடினா எனக்குத்தான் ஏச்சு."

ஸாலிஹ் திரும்பினார். "எதுக்கெண்டு கேக்கிறாரே, நாயகம்?"

மிதிவெடி. அந்த ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால் அவன் காலைப் பற்றி இவருக்குக் கவலை இருக்கிறது என்றல்லவா ஆகும்! சவுந்தரநாயகம் ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே துடைத்து வைத்ததுதான்.

ஹியூபேட் இப்போது அந்த முதுகைப் பார்த்தே பேசினான். "அவருக்கு வாயில்லையா? மத்த றைவர் எல்லாரையும் குந்த வச்சு, திருப்பிச் சொல்ல வச்சு, பொறகுதானே சாவி குடுக்கிறாராம். எனக்கும் அவரே சொல்லட்டும். ஒரு வார்த்தை. சொன்னா அப்படியே செய்யிறேன்."

சவுந்தரநாயகம் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "உவருக்கு நான் வகுப்பெடுக்கோணுமோ? வேதக்காரருக்கு மாதா இருக்கிறாதானே. அவ சொல்லிக் குடுப்பா."

ஹியூபேட்டின் முகம் இறுகியது. ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். பிக்கப் ஒழுங்கையைக் கடந்து காலி வீதியில் ஏறுகிற சத்தம் கேட்டது.

"நீங்க ஒரு மனிசனா நாயகம்?" என்றார் ஸாலிஹ்.

"உம்மட வேலையைப் பாரும்."

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு மேல் பொறுக்கமுடியாமல் காலி வீதியில் காசுக்குப் போன் பேசுகிற ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய் ஹியூபேட்டின் ஒபிஸுக்குப் போன் எடுத்தார். வவுனியாவில் அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள், ஒரு செய்தி போனால் போதும். ஒரு பெண் எடுத்து, "யார் கதைக்கிறது?" என்று கேட்டாள். யார் என்று சொல்வது? றைவர் ஹியூபேட்டின் மாமா என்றா?  போனை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் வவுனியா தாண்டி, சரியான மழை. பிக்கப் சேற்றில் இறங்கியது. ஹியூபேட் லொக்கர் சுவிட்சைத் தட்டினான். இரண்டு பின்சில்லும் ஒன்றாகச் சுழன்று, ஒன்றாகவே அச்சு வரைக்கும் தோண்டிக்கொண்டு கீழே போயின. லீவரை இழுத்தான். முன்சில்லு அசையவில்லை. அப்போதுதான் குமிழ் ஞாபகம் வந்தது. இறங்கினான். வலப்பக்கம் பாதையின் நடுச் சேறு. அங்கே நின்று திருப்பினான், ஆபத்து ஒன்றும் நேரவில்லை. இடப்பக்கத்துச் சில்லு பாதைக் கரையை ஒட்டி நின்றது. குமிழில் கை எட்டுவதற்காக, இடது காலை எடுத்துக் கரைப் புல்லில் வைத்தான்.

செய்தியை ஸாலிஹ்தான் கொண்டு வந்தார்.

"ஹியூபேட்டுக்கு வெடியில கால் போயிட்டு நாயகம். உசிர் மட்டும் தப்பி ஈக்கி."

"இடக்காலே?"

"ஓம். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

 சவுந்தரநாயகம் நிலத்தில் குந்திவிட்டார்.  ஸாலிஹுக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியது.

"இறங்கினா வெடி ஈக்கும் எண்டுதானா லொக்குல விடச் சொன்னீங்க? எனக்காவது சொல்லியிருக்கலாமே! நான் சொல்லியிருப்பேனே அந்தப் புள்ளைக்கு! பாவி மனிசன்!"

அதற்குப் பிறகு ஸாலிஹும் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து ஹியூபேட்டைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். சவுந்தரநாயகம் தோய்த்த சேட் போட்டுக்கொண்டு போனார். நகத்துக்குள் கிறீஸ் அப்படியே இருந்தது. கட்டிலடியில் ஹியூபேட்டின் தாய் யோசெப்பின் செபமாலையோடு இருந்தாள். அவரைக் கண்டதும் அவள் எழுந்தே விட்டாள்.

"வந்துட்டாரா பெரிய மனுசன்? எம் புள்ளைக்குக் கால் இல்லாத எடத்தப் பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற ஜெகதீஸ்வரி தகப்பனின் முகத்தைப் பார்க்காமலே மாமியாரிடம் சொன்னாள்: "அம்மா, அவரைப் போகச் சொல்லுங்கோ."

மூன்றாம் ஆளிடம் சொன்னாள். அவர் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான்.

அவர் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், ஹியூபேட்டின் முகத்துக்கு நேரே குந்தினார். விரல் பழக்கத்தில் தானாகவே உயர்ந்தது. 

"தாரில நிக்கேக்கையே..."  செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். "தாரில நிக்கேக்கையே ரெண்டு பக்கமும் லொக்கில போட்டிடோணும் தம்பி. பிறகு செத்தாலும் கீழ இறங்கக்கூடாது. கரையில வெடி கிடக்கும்."

ஜெகதீஸ்வரி இப்போதுதான் அவரை நேரே பார்த்தாள். "அப்பா... உங்களுக்கு முதலே தெரியுமே?"

அவர் தலை குனிந்தார். 

 ஹியூபேட், மற்ற றைவர்களைப் போலவே, ஒரு சொல்லும் தவறாமல் திருப்பிச் சொன்னான்.

"தாருல நிக்கக்குள்ளயே ரெண்டு பக்கமும் லொக்குல போடணும். பொறகு செத்தாலும் கீழ எறங்கக்கூடாது. கரையில வெடி கெடக்கும்." ஒரு கையை நீட்டினான். "திருப்பிச் சொல்லிட்டேன் மாமா. சாவியத் தாங்க."